அம்மன் இறங்கும் மேடு

என் பிரியமுள்ள மச்சான் தனசேகருக்கு,

நீ இருக்கிற இடத்தில் கடல் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் இந்நேரம் அதற்கும் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, யாரையாவது செயலாளராகப் பிடித்துப் போட்டிருப்பாய். சிதம்பரம் மேல வீதியில் உரக்கடை வைத்திருக்கும் என்னை நீ பிடித்துப் போட்ட மாதிரி. "பூச்சிமருந்து விக்கிறவன் ஒருத்தன் உள்ள இருக்கணும் மச்சான், அப்பதான் எதிர்க்கட்சி நெனப்பு தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாயே. உன் சிரிப்பு போய்விட்டது. பதவி மட்டும் என் தலையில் இருக்கிறது.

குடிகாட்டு ரசாயனக் கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம், ஏரி குளத்தையும் வாயில்லா உயிர்களையும் காப்பாற்ற என்று அறக்கட்டளையில் போட்டாய். ஆனால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குள் கேட்டவர்களுக்கு உயிர் போய்விடும். கம்மாபுரம் பக்கம் ஒரு ஏரிக்கு வரத்து வாய்க்கால் தூர்வார உதவி கேட்டு வந்தவர்களிடம், "ஒங்க ஊர்த் தேர் முடியட்டும், வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினாய். ஒரு திருவிழாவாவது முழுதாகப் பார்க்காமல் எந்த ஊருக்கும் காசு கொடுக்க மாட்டாய். ஓசிப் பொங்கலுக்கு அலைகிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். மலர் உனக்காக என்னை முறைப்பாள். உன்னைக் கட்டிய நாளிலிருந்து என் தங்கை என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்தாய். அதன்பின் எங்களுக்கு அவசரம். எதையாவது சீக்கிரம் செய்து காட்டினால் நீ இருக்கிற மாதிரி இருக்கும் என்று மலருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கடலாமைகள் இடுகிற முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்கின்றன என்று, பக்கத்து ஊரில் மீன் விற்கும் கலா வந்து சொன்னாள். ஊர்த் தலைவர் செல்வமணிக்குப் போன் செய்தோம். நல்ல காரியம், செய்யுங்கள் என்றார். எந்த இடம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கரையில் மேடாக, அலை எட்டாமல் ஓர் இடம் இருந்தது. அதைச் சுற்றிக் கம்பு நட்டு வலைவேலி அடித்தோம். தை மாதம் முழுக்கக் கலா விடியற்காலையில் நடந்து நடந்து முட்டைகளைப் பொறுக்கி வந்து அங்கே புதைத்தாள். வெறும் மணலில் இவ்வளவு மேடு எப்படி வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும். நீ அந்த ஊர் மாசிமகத்தைப் பார்த்திருப்பாய்.

மாசிமகத்துக்கு ஊர் அம்மன் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும்போது பல்லாக்கை இறக்கி வைப்பதற்காக, வருஷா வருஷம் அவர்கள் கூடை கூடையாக மணல் கொட்டி உயர்த்திய மேடு அது.

மகத்துக்கு முந்தின நாள் மதியம் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஊரே கரையில் நின்றது. "இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? மாசிக்குள்ள எடுத்துடுவீங்கன்னுதான் சும்மா இருந்தோம்" என்றார் தலைவர். இரண்டு பேர் அதற்குள் வேலிக்கம்பில் கை வைத்துவிட்டார்கள். என் வாய் தெரியாதா உனக்கு? "இப்ப முட்டைய அசைச்சா உள்ள இருக்குற குஞ்சு அவ்ளோவும் செத்துடும், அந்தப் பாவம் ஒங்களுக்குத்தான்" என்று கத்தினேன். அவ்வளவுதான், கூட்டம் பொங்கிவிட்டது. "எங்க அம்மாவ எறக்குற எடத்துல வேலி கட்டிட்டு எங்களுக்கே பாவம் சொல்றியா?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

மலர் நடுவில் வந்தாள். "எங்க அண்ணன விடுங்கண்ணே. தப்பு எங்களுது. கேக்காம கட்டிட்டோம். ஊரோட சண்ட போட்டு ஒரு உசிரயும் காப்பாத்த வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. வேலிய நானே புடுங்குறேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, போய் முதல் கம்பைப் பிடித்தாள். கலா அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். உன் பெயரில் நாங்கள் செய்த முதல் காரியம், உன் பெண்டாட்டி கையாலேயே அழியப் போகிறது என்று நின்றேன். அந்த நிமிஷம் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது மச்சான். ஏன் போனாய்?

"இரும்மா" என்றார் தலைவர். அவர் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "குஞ்சு வர எவ்ளோ நாளாவும்?"

"இந்த வாரமோ அடுத்த வாரமோ" என்றாள் கலா.

அவர் பூசாரியைப் பார்த்தார். வேறு இடத்தில் இறக்கலாமா என்று யாரோ கேட்டதற்குப் பூசாரி தலையை ஆட்டி மறுத்தார். இறக்கினால் இங்கேதான். பிறகு தலைவர் சொன்னார்: "அப்ப இந்த வருசம் எறக்க வேணாம். அம்மா தோள்லயே நிக்கட்டும். தீர்த்தவாரி முடியுற வரிக்கும் மாத்தி மாத்தித் தூக்குவோம்." முணுமுணுப்பு எழுந்தது. வெயிலில் அத்தனை நேரம் யார் நிற்பது? அவர் என்னைப் பார்த்தார். "தப்பு பண்ணவுங்களும் தோள் குடுக்கணும். அதான் அபராதம்."

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். முந்தின நாள் என் சட்டையைப் பிடித்தவர்தான் எனக்கு முன்னால். பல்லாக்குக் கம்பு தோளில் அழுந்தியதும் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. கடைசியாக இந்தத் தோளில் ஏறியது நீதான் மச்சான். அன்றைக்கு நீ இவ்வளவு கனக்கவில்லையே? மேளம் அடித்துக்கொண்டே இருந்தது, நான் அழுதுகொண்டே நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "மாமா, முடியலன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றார். மாற்றவில்லை. அம்மன் கடலைப் பார்த்து நின்றாள். வேலிக்குள் மணல் அப்படியே இருந்தது.

தோள் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மலர் தைலம் கொடுத்துவிட்டுக் குப்பத்திலேயே தங்கிவிட்டாள். இன்று காலை போன் செய்தாள். "அண்ணா, மேட்டுல மணலு குழியுது." அப்படிக் குழிந்தால் அடியில் குஞ்சுகள் ஏறி வருகின்றன என்று அர்த்தமாம். எத்தனை பிழைத்திருக்கும், ஒன்றாவது பிழைத்திருக்குமா, தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாசிக்கு அந்த மேட்டுக்கு மணல் கொட்டும்போது முதல் கூடை நான் சுமப்பேன். ஆமைக்கு எந்த இடம் என்று அவர்களையே காட்டச் சொல்வேன். இனி எந்த ஊரிலும் திருவிழா பார்க்காமல் ஒரு கம்பு ஊன்ற மாட்டேன். ஓசிப் பொங்கலும் சாப்பிடுவேன், உன் பங்கையும் சேர்த்து.

உன்னையும் அம்மனையும் சுமந்த தோளோடு,
உன் மச்சான்,
மலரின் அண்ணன் குமரேசன்