குடலில் கறுப்பு நூல்

அக்கா,

இன்று கபோ சந்தை மூலையில் ஸ்திக்யோலா சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரியில் வாட்டும் அந்தப் புகை என் தலைமயிரில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் பசி வரும். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

பொலிதேயாமா அரங்குக்கு அருகில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலிய வீட்டுக்காரியின் வீட்டில் அம்மா சமையலும் துப்புரவும் செய்தார். பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நானும் கூடப் போவேன். யாருடனும் கதைக்கக் கூச்சப்பட்டுச் சமையலறையிலேயே நிற்பேன். அந்த வீட்டுப் பின்னறைக்குத்தான் நீங்கள் தான்சானியாவிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். உங்கள் ஊர்ப் போதனா வைத்தியசாலைக்கும் இங்குள்ள ஒரு வைத்தியசாலைக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதன்படி நீங்கள் இங்கே ஒரு வருடம் சத்திரசிகிச்சை பழக வேண்டும்.

வந்த கிழமையே சந்தையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்தீர்கள். சமையலறை மேசையில் அதைக் குறுக்கே வெட்டி, மறுபடியும் கறுப்புப் பட்டுநூலால் பொருத்தினீர்கள்.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "இவ டொக்டரோ, இறைச்சிக்கடைக்காரியோ? என்ரை கத்தியிலை மட்டும் கை வைக்க விடாதை பிள்ளை."

அம்மா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டீர்கள். தையல் அழகாக இருக்கிறதாம் என்று இத்தாலியனில் சொல்லிவைத்தேன். நான் உங்களோடு முதன்முதலாகக் கதைத்தது அதுதான்.

பிறகு என் கேள்விகள் அடங்கவில்லை. தைத்த குடலின் ஒரு முனையை ஏன் கட்டுகிறீர்கள்? மற்ற முனையை ஏன் தண்ணீர்க் குழாயில் பிடிக்கிறீர்கள்? "தண்ணி கசிஞ்சா அந்த ஆள் பிழைக்கமாட்டார்" என்றீர்கள். அதற்குப் பிறகு குடல் ஊதிப் பெருப்பதை இருவரும் மூச்சுவிடாமல் பார்ப்போம்.

"ஆஸ்பத்திரியிலையும் இப்பிடித்தான் தைக்கிறீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் பட்டம் இந்த நாட்டில் செல்லாது. ஆகவே நோயாளியைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரிப் பேராசிரியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க மட்டும் அனுமதி.

"அப்ப அங்கை?"

"அங்கை வருஷத்துக்கொருக்கா இங்கையிருந்து இவையின்ரை டொக்டர்மார் குழு வரும். ரெண்டு கிழமை இரவு பகலா வெட்டுவினம். நாங்கள் வயித்தை விரிச்சுப் பிடிக்கிற கொக்கியோடை நிப்பம். அவை போனாப் பிறகு வாற ஆக்களுக்கு ஆர் வெட்டுறது?"

அப்போதுதான் உங்கள் பயம் எனக்கு விளங்கியது. ஒரு வருடம் பார்த்துவிட்டு, பழகாத கையோடு ஊருக்குப் போய் நிற்க வேண்டி வரும். இன்னொரு வருடம் நீட்டித் தரலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதுவும் பார்ப்பதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். பிரிட்ஜில் மூடி வைத்திருந்த குடலைச் சிஞ்ஞோரா கண்டிருக்கிறார். விருந்துக்கென்று நீங்கள் வாங்கி வைத்ததாக நினைத்து, ஆசையோடு சுற்றிப் பல்கனியில் சுட்டுவிட்டார். எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது வாயிலேயே பேராசிரியர் பல்லிடுக்கிலிருந்து ஒரு கறுப்பு நூலை இழுத்தார்.

"சிஞ்ஞோரா, இது ஒப்பரேஷன் செய்த ஆடோ?"

"மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டுச் சிஞ்ஞோரா நெஞ்சில் கை வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாய் வந்தன.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "அது என்ரை தையல்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சத் துண்டைக் கத்தியால் பிரித்துப் பார்த்தார். நெருப்பில் சுருங்கியிருந்தும் தையல் விடவில்லை.

"எங்கை பழகினீங்கள்?"

"இந்த வீட்டுச் சமையலறையிலை."

"அப்ப இன்னொரு வருஷம் இருங்கோவன்."

"வேண்டாம் புரொபெசோரே. நீங்கள் அங்கை வாங்கோ. மேசைக்கு மற்றப் பக்கம் நில்லுங்கோ. கத்தி என்ரை கையிலை இருக்கட்டும். ரெண்டு கிழமை காணாது."

கதவோரம் நின்ற எனக்குக் காது சூடாகியது. விருந்துக்கு வந்தவரிடம் இப்படிக் கதைக்கலாமா? அவர் நூலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, வாயைத் துடைத்தார்.

"நான் கொக்கி பிடிச்சுக் கனகாலம்" என்றார்.

அடுத்த வருடம் அவர் மாதக்கணக்கில் அங்கே வந்து நின்றார். உங்கள் குரல் என் போனில் வந்தது: "இண்டைக்கு அவர்தான் கொக்கி பிடிச்சவர். தையல் கசியேல்லை, தங்கச்சி." தங்கச்சி என்ற சொல்லை நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தேன்.

சில மழைக்காலங்கள் கழித்து, அங்கே வேலைக்குப் போகும் வழியில் உங்கள் வண்டி கவிழ்ந்தது. நீங்கள் பிழைக்கவில்லை. பேராசிரியர் வந்து சிஞ்ஞோராவிடம் சொல்லி அழுதார். நான் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தையும் கதைத்ததில்லை. கோப்பி கொண்டுபோய் வைத்தவள் அங்கேயே நின்று கேட்டேன்: "இப்ப அங்கை ஆர் வெட்டுகினம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேர். அவதான் பழக்கினவ. மூண்டாவது பிள்ளை இப்ப கொக்கி பிடிக்குது."

அந்தப் பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். எந்த ஆட்டுக்குடலில் பழகுகிறாள்? அவளுடைய வீட்டில் யார் மூக்கைப் பொத்துகிறார்கள்?

போன கிழமை என் வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க நானும் மாமாவும் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போனோம். வழக்கம்போல எனக்காகக் கதைக்க மாமா அதிகாரியின் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் போனார்.

"நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ மாமா. நான் கதைக்கிறன்."

கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றேன். நடுவில் ஒரு பதிலைத் தவறாகச் சொல்லிவிட்டேன். மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார். நானே திருத்திச் சொன்னேன், அக்கா.