எத்தனையாவது என்று கேட்டால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், தையல் மெஷினும் சுகம், முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஐந்து வாண்டுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏழு பிள்ளைகள் அடித்துப் புரண்ட வீட்டில் இப்போது கழுவி வைக்க ஒரே ஒரு தட்டு. எதிர்வீட்டு டீச்சரம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டார். பேச ஆளில்லாமல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே.

போன ஞாயிறு போனில் நீ சிரித்துக்கொண்டே, "ஆறாவது பிரசவம்னு சொன்னா நர்ஸம்மா ஒரு மாதிரி பார்ப்பாங்கப்பா, அதான் மூணாவதுன்னு சொல்லிட்டேன்" என்றாய். நான் சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலையே ஓடவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அப்படியே தைத்தேன். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா போனது விதி என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். விதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அவளுடைய ஆறாவது பிரசவத்தில் "பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறீங்களா" என்று ஆயா கேட்டதில் வார்டே சிரித்தது, அவள் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் கடைசியவனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எத்தனையாவது என்று நர்ஸ் கேட்டதும் அவள் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டு மூணாவது என்றேன். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைப்பு. பிரசவம் சட்டென்று ஆனது, மூணாவதுதானே என்று எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். பல பிரசவம் கண்ட கர்ப்பப்பை, இழுத்து இழுத்துத் தளர்ந்த எலாஸ்டிக் மாதிரி, குழந்தை வந்தபின் சுருங்காமலே கிடந்துவிடுமாம், ரத்தம் நிற்காதாம். "முன்னாடியே சொல்லியிருந்தா ரத்தம் தயாரா வச்சிருப்போமே, பக்கத்துலயே நின்னிருப்போமேய்யா" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாளைக்கே போய் ஆறாவது என்று எழுதச் சொல். அடிக்கடி மயக்கம் வருகிறது என்றாயே, அதையும் மறைக்காதே. இரும்பு மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காதே, உன்னை எனக்குத் தெரியும். ரத்தம் கைவசம் வைத்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், வலி லேசாக எடுத்ததுமே கிளம்பிவிடு. ஒரு மாதிரி பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நீயும் வயிற்றில் இருக்கிறதும் முழுசாக வீடு திரும்ப வேண்டும், என் ஆசி அது ஒன்றுதான். திருத்தி எழுதியாயிற்று என்று எனக்கு ஒரு வரி போடு.

நீ மறந்திருப்பாய். அன்று துணிப்பையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றது நீதான், பன்னிரண்டு வயசு. "இல்லப்பா, ஏழாவது" என்று சத்தமாகத் திருத்தினாய். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நர்ஸிடம் சிரித்துக்கொண்டே நான் உன் வாயைப் பொத்தினேன். இப்போது சொல்லும்மா.

உன் அப்பா