அப்பாவின் இடது காது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஃபோனில் எழுதினால் அப்பா எடுத்துப் படித்துவிடுவார், அதனால்தான் பக்கத்து வீட்டு லாரி டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

தலைசுற்றலுக்காக அப்பாவுக்குக் காதுக்குள் ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், அதை மட்டும் உன்னிடம் வாய் ஓயாமல் சொன்னேன். சொல்லாமல் விட்டது இது. தலைசுற்றலை நிறுத்த டாக்டர்கள் அறுத்த சமநிலை நரம்பும் கேட்கிற நரம்பும் ஒட்டிக்கொண்டே போகிறவையாம். கேட்கிற நரம்பு வீங்கினால் முதல் மாதத்துக்குள் மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம், தாண்டினால் போனது போனதுதான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வலது காது ஆலை பாய்லர் இரைச்சலில் எப்போதோ முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமிருந்தது இந்த இடது காதுதான்.

பத்தாம் நாள் பரிசோதனைக்குப் போகும்போது பஸ்ஸிலேயே சொன்னார், இடது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை, தெரிந்தால் பாய்லர் அறைக்குள் விடமாட்டார்கள், ஓய்வுக்கு இரண்டு வருஷம்தானே, நீ கொஞ்சம் கைகொடு என்று. நானும் தலையாட்டினேன். அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்க ஒரு பட்டனைக் கையில் கொடுத்தார்கள். நான் வெளியே, மெஷினை இயக்குகிற பெண்ணுக்குப் பக்கத்தில். சத்தம் போகும்போதெல்லாம் மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிய எரிய நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன், அவர் பட்டனை அமுக்கினார். இந்த வயசில் இரண்டு பேரும் காப்பியடித்துப் பாஸ் செய்தோம். நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து சிரித்தோமடி, பாவி நான் சிரித்தேன்.

போன வாரம் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் அவருக்குப் பின்னால் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டது. எல்லோரும் ஓடு ஓடு என்று கத்த, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்து நின்றாராம். கூட வேலை செய்கிற ஃபிட்டர்தான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவரே வீட்டுக்கு வந்து, அடுத்த தடவை நான் பக்கத்துல இருக்கணுமே அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இத்தனை நாளை வீணாக்கிட்டீங்களேம்மா என்றார், அவ்வளவுதான். தலையில் வயர் ஒட்டி நரம்பையே நேராகப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறதாம், அதில் யாரும் ஏமாற்ற முடியாது. நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் அன்றைக்கே மருந்து தொடங்குவார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவோ காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று என்மேல் பாய்கிறார், வரவே மாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் சொல்லைத் தட்டமாட்டார். ஃபோன் செய்யாதே, ம்ம் சரிம்மா என்று இத்தனை நாள் சமாளித்த மாதிரியே சமாளிப்பார். கிளம்பி வா. முடியாவிட்டால் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, கோபமாகவே எழுது. திங்கட்கிழமை, மறந்துவிடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்போது பின்னால் வந்து நின்று, யாருக்கு எழுதுற என்று கேட்டார். மகளுக்கு என்றேன். மறுபடியும் கேட்டார். மகளுக்குத்தாங்க என்று கத்தினேன். கேட்டா ஒரு பதில்கூடச் சொல்ல மாட்டேங்கிற என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

உன் அம்மா