கொடி சேராத கதவு

கும்மிடிப்பூண்டி

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் தம்பி அன்புவும் சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று உன் அப்பாவே சொல்வார், இந்த விஷயம் அவர் காதில் விழக்கூடாது. அதனால்தான் லீவு முடிந்து உங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஜெனிபர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே இட்லிப் பொடி இருக்கிறது, பாதியை அவளுக்குக் கொடு.

அன்புக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. அவன் வாங்கிய திருநின்றவூர் ஃபிளாட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஈஸ்டர் முடிந்ததும் பங்குச் சாமியாரை அழைத்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வேண்டும். அதற்குள் அங்கே வைக்கும் ஜெபப் பீடத்துக் கதவு முடிய வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒரே தேக்குப் பலகையில் இரண்டு கதவு அறுத்து, இடது கதவைப் போன லீவில் ஜெனிபர் பெட்டியில் உனக்கு அனுப்பி, அப்பாவும் மகளும் ஆளுக்கொன்று செதுக்குகிறோம், மூடினால் திராட்சைக் கொடி இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு ஓட வேண்டும் என்று நீங்கள் இருவரும் வரைபடம் வரைந்து திட்டம் போட்டபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. இந்த லீவுக்கு ஜெனிபர் உன் கதவைக் கொண்டுவந்த அன்றைக்கு இரண்டையும் சேர்த்து வைத்தால் மேலே கொடி சேருகிறது, கீழே வர வர விலகி, கடைசியில் கொடிக்கும் கொடிக்கும் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி. உடனே அப்பா உனக்குப் போன் போட்டு, ஸ்கேல் பிடிக்கத் தெரியாதவளுக்கு உளி எதுக்கு என்று கத்தினார். நீ போனை வைத்துவிட்டாய். உளியையெல்லாம் மரச்செதுக்கு வகுப்பிலேயே யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன், இனிமேல் மரத்தைத் தொடமாட்டேன் என்று அன்புக்கு மெசேஜ் போட்டாயாம்.

கொடுக்காதே கண்ணு. உன் அளவு சரிதான். நேற்று ஒரு பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தேன், கையில் டேப் இருந்தது, சும்மா உன் கதவில் வைத்துப் பார்த்தேன். நீ வரைபடத்தில் இருந்த அளவை அப்படியே செதுக்கியிருக்கிறாய். அவர் செதுக்கிய கொடிதான் பெரிதாக இருந்தது. கூப்பிட்டுக் காட்டினால், இன்னாமே, துணி டேப்பு இழுத்துக்கினு பூடும், இரும்பு ஸ்கேலு நீளுமா என்று என்னையே மடக்குகிறார். நான் விடவில்லை, அன்புவின் பழைய பள்ளிக்கூட ஸ்கேலைத் தேடி எடுத்து வந்தேன். அது என் டேப்போடு சரியாக நின்றது. அவர் ஸ்கேல்தான் போகப் போக விலகியது. அதைத் திருப்பிப் பார்த்தார் மனுஷன், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அய்யய்யோ, கம்பெனி ஸ்கேலு இது என்றார். அவர் வேலை பார்த்த பவுண்டரியில், உருக்கை ஊற்றும் வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்கிறவர்களுக்கென்று தனி ஸ்கேல் உண்டாம். உருக்கு ஆறினால் சுருங்குமாம், அதனால் அந்த ஸ்கேலில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீளம். ரிடையர் ஆனபோது ஆசையாகக் கொண்டுவந்த அதை வைத்தே நம் வீட்டுக் கதவுக்கும் அளந்திருக்கிறார். தேக்கு என்ன ஆறிச் சுருங்கவா போகிறது. இலையின் ஓரத்தைக்கூட ஒரே மாதிரி சரித்து வைத்திருக்கிறார், மணலில் பதித்த அச்சு சுலபமாக வெளியே வருவதற்கு அப்படித்தான் சரிப்பார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இன்று காலையில் நாஷ்டாகூட சாப்பிடாமல் மிச்சப் பலகையை எடுத்து மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஸ்கேலையே தொடவில்லை. உன் கதவைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, கவராயத்தால் அதிலிருந்தே அளவெடுத்துக் குறிக்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்து உன் இலை நரம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். புள்ள உப்புத்தாள் போடாம வுட்டுக்கீறா, உளி போன தடம் தெரியுது, அதான் உயிரா கீது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கேட்காதது மாதிரி காபியை வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்றும் சொன்னார், எழுதிவிடுகிறேன். பழத்தைச் சுற்றி முதலில் வரைந்த கோட்டின் மேலேயே வெட்டை ஆழமாகப் போட்டுக்கொண்டு அப்புறம் வெளிப்பக்கம் சீவு, அப்போதுதான் சில்லு பெயராது. மரத்தின் ரேகை எதிர்த்து வந்தால் முட்டாதே, பலகையைத் திருப்பிக்கொள். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும், இது என் புத்திமதி. கொடி பெரிதாகப் போன அந்தக் கதவை என் தையல் மெஷினுக்கு மேலே மாட்டப் போகிறேன், அவருக்கு வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் தூங்கு, உளியைக் கொடுத்திருந்தால் போய் வாங்கி வந்துவிடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே உனக்குப் போன் போடப் போகிறார். எப்போதும் போல நீ முந்திக்கொண்டு சாரிப்பா என்று சொல்லிவிடாதே. கருவேப்பிலை விலை, அன்புவின் டைல்ஸ் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார், அப்புறம் பேச்சு நின்றுபோகும். கட் ஆகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. அவருக்குப் பழக்கமில்லாத வார்த்தை, வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும், காத்திரு.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்
அம்மா
ஆரோக்கியமேரி