மழை நாளில் சுட்ட தண்ணீர்

சிவகாமி,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. டிப்போவுக்குக் கிளம்புகிறேன். மாவு புளித்துவிட்டது, தோசையாக ஊற்றிவிடு.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நேற்று முழுக்க மழை. சாயங்காலம் குளியலறைக் கூரையில் ஏறி, வெயிலில் தண்ணீர் சுடவைக்க நான் செய்த சூரியப் பெட்டியைத் தொட்டால் கண்ணாடி ஜில், கறுப்புத் தகரம் ஜில், குழாயும் ஜில். மேலே பீப்பாய்த் தண்ணீர் மட்டும் கை வைக்க முடியாத சூடு! வெயிலே இல்லாமல் எப்படி? "இந்த ஊர்ல யாருக்குங்க சுடுதண்ணி வேணும்?" என்று சண்டை போட்டவள் நீ. நேற்றுக் கேட்டால், "உங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது" என்கிறாய். உன் முட்டிவலிக்காகத்தானே இத்தனையும் செய்தேன்.

நாலு மணிக்கு எங்கள் டிப்போ சூசைநாதன் பெட்டியைப் பார்க்க வருவார். அவரும் ஒன்று செய்யப்போகிறாராம். காப்பி கொடு.

சேதுபதி

பி.கு.: நான் கீழே படுக்கப்போட்ட ஏணி, நேற்றுச் சாயங்காலம் நான் ஏறப் போகும்போதே ஏன் சுவரில் சாய்ந்து நின்றது?

இப்போதுதான் மறுபடி ஏறிப் பார்த்தேன். பீப்பாய்க்குள் நொச்சி இலை மிதக்கிறது, நீ முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கக் கொதிக்கவைப்பாயே, அதேதான்.

உன் முட்டிக்கு ஏணி ஆகாது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இன்றும் மழை வந்தால் சூசைநாதன் குளியலறைக் குழாயைத் திறந்து ஜில் தண்ணீரையே தொட்டுப் பார்க்கட்டும்.