என் தம்பிக்கு இன்னொரு அண்ணன்

1965 ஆகஸ்ட் 27, வெள்ளி

வெயில். ராஜகிரிப் பாறையின் அனல் என் சைக்கிள் கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கோட்டை பார்க்க வந்த காலேஜ் பையன்கள் வாடகைக்கு வண்டி எடுத்துப் போனார்கள். ஒன்று பஞ்சரோடு திரும்பியது, கேட்டால் "எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு". வாங்க வேண்டியவை: வால்வு டியூப், சொல்யூஷன், பிரேக் கட்டை.

வாரப் பத்திரிகை வந்துவிட்டது. வரதனின் தொடரும்தான். ஜப்பான்காரன் எங்களை மலேயாவிலிருந்து சயாமுக்கு ஓட்டிப்போய் ரயில் பாதை போட வைத்த கதை. எங்களை என்று நான்தான் எழுதுகிறேன், அவன் 'என்னை' என்றுதான் எழுதுகிறான். ஒரே ரப்பர் தோட்டம். ஒரே லாரியில் ஏற்றினார்கள்: நான், என் தம்பி ஏழுமலை, இந்த வரதன். வரதன் தோட்டத்துக் கிராணியின், அதாவது குமாஸ்தாவின் மகன், கணக்கு எழுதுகிற கை. சயாம் முகாமில் மூங்கில் பரண்மேல் எங்களுக்கு அடுத்த இடம் அவனுடையது. இப்போது திண்டிவனத்தில் இருக்கிறானாம். இனி வ. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை செலவழிக்க மனம் இல்லை.

ஊரே படிக்கிறது. சலூனில் உரக்க வாசிக்கிறார்கள். போஸ்ட்மேன் கேட்டார்: "நீயும் மலேயாதானே கன்னியப்பா? இதெல்லாம் உனுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

கடை பாதி நாள். இரண்டாம் முறை படித்தேன். வ. செய்த தப்புகள்:
- ஆறு முகாமுக்கு வலப்பக்கம். இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறான்.
- கருவாடு கொடுத்தார்களாம். வாடையைக்கூட நான் கண்டதில்லை.
- மண் கூடை சுமந்தானாம்! முதல் வாரமே காய்ச்சல் வந்து படுத்தவன். அவன் கூடையையும் ஏழுமலைதான் சுமந்தான்.

மழை பற்றி எழுதியிருப்பது மட்டும் சரி. அட்டை, சேறு, அழுகின மூங்கில் நாற்றம், ராத்திரி யாராவது இருமினால் மொத்தப் பரணும் ஆடுவது. படிக்கும்போது காலில் ஈரம் ஏறினதுபோல இருந்தது. எழுதத் தெரிந்தவன். அதுதான் எரிகிறது.

செப். 3, வெள்ளி

ரேஷன் அரிசியில் கல். பாக்கியம் முறத்தோடு வாசலில் உட்கார்ந்து, பக்கத்தில் பத்திரிகையை விரித்து வைத்து, கல் பொறுக்கிக்கொண்டே படித்தாள். கொஞ்ச நேரத்தில் கல் பொறுக்குவது நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்.

"யாருக்கு அழுவுற?"

"பாவம்யா இந்த மனுசன். எப்படியெல்லாம் அடிச்சிருக்கானுங்க."

"நானும்தான் அங்க இருந்தேன். எனக்கு ஒருநாளாவது அழுதியா?"

"நீ சொன்னாத்தானே அழுவறதுக்கு?"

காலில் இருக்கிற குழியைக் கேட்டபோது நாய் கடித்தது என்று சொன்னவன் நான்தான். பெண்டாட்டி வேறொருத்தன் கஷ்டத்துக்கு என் வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். சாப்பிடாமல் கடைக்குப் போனேன். நாயுடு கிளப்பில் தோசை, அதுவும் வேகாதது.

செப். 10, வெள்ளி

தூறல். எங்கு பார்த்தாலும் யுத்தப் பேச்சு. ரேடியோ இருக்கிற கடை முன்னால் கூட்டம், என் கடையில் ஈ.

இந்த வாரமாவது என் பேர் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது இந்த ஒரு வரி: 'காலில் புண் வைத்தவர்களைப் படகில் ஏற்றிக் கீழ் முகாமுக்கு அனுப்பினார்கள். போனவர் எவரும் திரும்பவில்லை.'

அந்தப் படகில் நான் இருந்தேன். திரும்பினேன். திரும்பாமலா இங்கே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்?

நானும் எழுதுவது என்று முடிவு. புது மை, புது நிப். உட்கார்ந்தேன். 'அங்கே எப்போதும் மழை' என்று எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது என்னவென்று யோசித்தேன். படகில் என் மடியில் தலை வைத்து வந்த தெலுங்குக்காரன். கரையில் ஏழுமலை கையை ஆட்டினது. ஆட்டிக்கொண்டே படகோடு சேற்றில் ஓடிவந்தான், காவல்காரன் கட்டையால் அடித்தான், அப்புறமும் ஆட்டினான். இதை எப்படி எழுதுவது? எழுதினால் சலூனில் உரக்க வாசிப்பார்கள். பேனாவை மூடிவிட்டேன்.

செப். 17, வெள்ளி

புரட்டாசி பிறந்தது. இன்று கடை திறக்கவில்லை.

அந்தப் பாவி எழுதியிருக்கிறான்: 'முகாமில் வாந்திபேதி வந்தது. என் தம்பி ஏழுமலை என் கையில் போனான்.'

என் தம்பி. அவன் தம்பி இல்லை, என் தம்பி. வ. ஒற்றைப் பிள்ளை என்பது தோட்டத்துக்கே தெரியும்.

நான் புண் ஆறி வந்தபோது மேல் முகாமையே காணோம். கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எதிரில் வந்த ஒருவன், "ஏழுமலையா? பேதியில போயிட்டான்" என்றான். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. என்றைக்கு என்று தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்பார்களே, வருஷா வருஷம் அதில்தான் படையல். என் கூடப்பிறந்தவன் போன நாள் எனக்குத் தெரியாது, கதை எழுதுகிறவனுக்குத் தெரியும்!

பாக்கியம் கேட்டாள்: "அவருக்கும் ஏழுமலைன்னு ஒரு தம்பியா?"

"வாய மூடு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பரண், படகு. முறம் அவள் கையிலேயே இருந்தது. இந்தத் தடவை எனக்கு அழுதாள். அதில் எனக்கு ஒரு திருப்தி, வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

செப். 18, சனி

தட்டி போர்டு: ஞாயிறு மாலை நூலகத்தில் வ.வுக்குப் பாராட்டு. ஊர் தேடி வருகிறான். வரட்டும். எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

செப். 19, ஞாயிறு

மழை வரும்போல இருந்து வரவில்லை. சலவைச் சட்டை.

நூலகம் நிறைந்த கூட்டம். ஹைஸ்கூல் வாத்தியார் தலைமை. ரோஜா மாலை. வ. நரைத்து, ஒடுங்கி, கண்ணாடி போட்டிருந்தான். முகாமில் எங்கள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே தன் கஞ்சியைக் குடிக்கிறவன், அதே பார்வை. பேச எழுந்தான். நானும் எழுந்தேன். "ஏழுமலை யாரோட தம்பி?" என்று கேட்கத்தான் எழுந்தேன். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

கையிலிருந்த காகிதம் கீழே விழுந்தது. "கன்னியப்பா?" என்றான். மைக்கில் கேட்டது. மாலையோடு மேடையை விட்டு இறங்கி வந்து என் தோளைத் தொட்டான், கன்னத்தைத் தொட்டான், குனிந்து வேட்டியைத் தூக்கி என் காலைப் பார்த்தான். ஊர் மொத்தமும் வேடிக்கை.

பிறகு கடைக்குக் கூட்டிவந்தேன். ஸ்டூலில் உட்கார வைத்தேன். டீ சொல்லவில்லை. கோபம் கோபமாகவே இருந்தது.

"என் தம்பிய உன் தம்பின்னு எப்படி எழுதுவ?"

"நீயும் போயிட்டன்னு நெனச்சேன். படகுல போனவன் ஒருத்தனும் வரலியே. அவனுக்குச் சொல்லிக்க ஆள் இல்லியேன்னு..."

"இப்ப நான் இருக்கேன்ல?"

"இருக்கியே" என்றான். சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தான். "உனுக்கும் சேத்துத்தான்யா எலை போட்டுகினு வந்தேன்."

வருஷா வருஷம் திண்டிவனத்தில் இரண்டு இலை. ஒன்று ஏழுமலைக்கு, ஒன்று எனக்கு. நான் இங்கே உயிரோடு பீடி குடித்துக்கொண்டு, டயருக்குக் காற்றடித்துக்கொண்டு இருக்க, அங்கே எனக்கு வடை பாயசம்! சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. அவனுக்கு நாள் தெரியும்.

"என்னைக்கு?" என்றேன்.

"ஆனி மாசம். தேதியெல்லாம் அங்க யாருக்குத் தெரியும்? ஆனா அன்னைக்கு சாயந்திரம் மழ விட்டு, மூணாம் பிறை தெரிஞ்சுது. அத வெச்சுத்தான் வருசா வருசம் செய்யறேன்."

அப்படியானால் சரியான நாளில் அவனுக்குச் சோறு வைத்தது வ. நான் வைத்தது பொது நாளில், நாதியற்றவர்களோடு சேர்த்து.

"அமாவாசைக்கு வரட்டுமா?" என்று கேட்டான். நான் ஸ்பானரை எடுத்துத் துடைத்தேன். செய்தி கேட்டு ஓடிவந்து நின்ற பாக்கியம், "வாங்கண்ணா, கண்டிப்பா வாங்க" என்றாள்.

செப். 20, திங்கள்

ஊர்ப் பார்வை மாறிவிட்டது. போஸ்ட்மேன் வண்டியை விட்டு இறங்கி நின்று பேசுகிறார். டீக்கடையில் காசு வாங்கவில்லை. இதைத்தானே ஒரு மாதமாக ஏங்கினேன்? சப்பென்று இருக்கிறது.

ஏழுமலை கடைசியில் என்ன சொன்னான் என்று வ.விடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

செப். 23, வியாழன்

யுத்தம் நின்றதாம். கடைத்தெருவில் வெடி. பாக்கியம் சொன்ன சாமான்: வாழைக்காய், கருணை, பச்சைப்பயறு, அகத்திக்கீரை. கீரை மட்டும் கிடைக்கவில்லை, அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகிறவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் வராமல் இருந்தால் நல்லது என்று காலையில் நினைத்தேன். சாயந்திரம் பஸ் நேரம் விசாரித்து வைத்தேன்.

செப். 25, சனி. மகாளய அமாவாசை

விடியலிலேயே மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வ. இறங்கினான். மூச்சு வாங்கினான். தாரை வாங்கிக் கேரியரில் கட்டினேன்.

ஒரே இலை. எனக்குப் போடவில்லை என்று பாக்கியம் சிரித்தாள். சூடத்தை அவனிடம் நீட்டினேன், மனசில்லாமல்தான். வ. பின்னால் நகர்ந்துகொண்டான்.

"நீதான் ஏத்தணும். நான் யாரு?"

ஏற்றினேன். காக்கைக்கு வைத்தேன், வந்து எடுத்தது. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது கேட்டே விட்டேன். கடைசியில் என்ன சொன்னான்?

வ. கையிலிருந்த பாக்கைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"கண்ணு தெரியல அவனுக்கு. வாயில தண்ணி ஊத்தினேன். கையத் தடவிப் பாத்து, 'அண்ணா, வந்துட்டியா?'ன்னான். நான் இல்லன்னு எப்படிச் சொல்றது? 'வந்துட்டேன்டா'ன்னேன். அவ்ளோதான். அப்புறம்தான் கண்ண மூடினான்."

நான் எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றேன். கிணற்றடியில் பாத்திரம் போட்டுவிட்டு பாக்கியம் வந்தாள்.

"அண்ணன் வந்துட்டான்னு நெனச்சிகினுதானே போச்சு அந்தப் புள்ள. அது போதும்யா."

எனக்குப் போதவில்லை. மாலை, தொடர், ஊர்ப் பேச்சு, எல்லாவற்றையும் வ.வே வைத்துக்கொள்ளட்டும். 'வந்துட்டேன்டா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.