கௌசல்யாவின் லயம் வரை

13 பெப்ரவரி, வியாழன். கோப்பாய்

விடியப் பனி. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து பை கட்டினேன்.

உள்ளே: ரீசேட் மூன்று, துவாய், பனடோல், சார்ஜர், பக்கத்து வீட்டு அண்ணையிடம் இரவல் வாங்கிய குளிர்ச்சட்டை (கனடாவில் இருந்து வந்தது, எனக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம்). கௌ. வீட்டுக்குப் பனங்கட்டி. பருத்தித்துறை வடை பஸ் நிலையத்தில் வாங்க வேண்டும்.

கௌசல்யாவைக் கௌ. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயர் எழுதினால் பேனா அங்கேயே நிற்கிறது.

கம்பஸில் நான்கு வருடம் ஒன்றாகத் திரிந்தோம். இப்போது அவள் அப்புத்தளைக்கு மேலே, தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். மூன்று மாதத்துக்கு முன் வீட்டில் சொன்னேன். "தோட்டக்காட்டிலை போய்ப் பொம்பிளை எடுக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" அம்மா கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பாடு மேசையில் இருக்கும், அம்மா குசினியில் இருப்பார்.

போன கிழமை கௌ. அனுப்பிய செய்தி: "ஞாயித்துக்கிழம அப்பா வீட்ல இருப்பாரு. ஒங்க வீட்ல யாரும் வரமாட்டாங்கன்னா நீ தனியாவாச்சும் வந்து பேசு. இல்லாட்டி இதோட விட்ருவோம்."

அதற்குத்தான் போகிறேன். ஞாயிறு வரை வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும். அதனால் இன்றே புறப்பட்டு, மிச்ச நாளுக்கு மலையில் நடக்கப் போகிறேன்.

"எங்கை?"

"மலை ஏறப் போறன்."

"ஆரோடை?"

"தனிய."

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஒருக்கா நின்றது. பிறகு வெட்டினார்.

14, வெள்ளி. நுவரெலியா

குளிர். கண்டியில் இருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் நின்ற ஆளின் முதுகில் என் மூக்கு.

ஊர் முழுக்க இருதய வடிவில் சிவப்புப் பலூன். காதலர் தினமாம். ஒன்றை என் பையில் கட்டிவிடப் பார்த்தான் ஒருவன். ஏசிவிட்டேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

வாவிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் யாழ்ப்பாணத்து வான் ஒன்று. ஒரு ஐயா இறங்கினார். என் முகத்தில் எங்கே எழுதியிருக்கிறதோ தெரியாது.

"தம்பி யாழ்ப்பாணமே?"

"ஓம்."

"எவடம்?"

"கோப்பாய்."

"கோப்பாயிலை எவடம்? எந்தக் கோயிலடி? ஆரின்ரை மகன்?"

சாதி விசாரிக்கவா மனிசன் இவ்வளவு உயரம் ஏறி வந்தார்? "ஐயா, நான் மலை பாக்க வந்தனான். கலியாணம் பேச வரேல்லை" என்றேன்.

வானுக்குள் இருந்த அன்ரி விழுந்து விழுந்து சிரித்தா. "நல்லா வேணுமப்பா உங்களுக்கு!"

நான் சொன்னது பொய் என்பது பிறகுதான் உறைத்தது.

வானின் பின்பக்கம் அண்டா, புளிச்சாதம், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய கான். ஐயா பெருமையாகக் காட்டினார். "வெளியிலை வாய் வைக்கிறேல்லை. ஆர் சமைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?" அவருக்கு முன்னாலேயே கடைத் தேத்தண்ணி இரண்டு வாங்கி, சத்தமாக உறிஞ்சிக் குடித்தேன். அவர் முகம் கோணினது. எனக்குப் பரம திருப்தி.

இவர்கள் செத்தாலும் திருந்தமாட்டார்கள்.

15, சனி. அப்புத்தளை

இதல்கசின்னவில் இறங்கி ரயில் பாதை வழியே நடை. மூடுபனி. தண்டவாளம் பத்தடிக்கு அப்பால் இல்லை. சுரங்கத்துக்குள் ஒரு வெள்ளைக்காரச் சோடி முத்தம் கொடுத்துக்கொண்டு நின்றது. "சொறி" என்று நான்தான் சொன்னேன்.

வலது குதிக்காலில் கொப்புளம். சப்பாத்து பழசு.

பனி விலகியபோது கீழே தேயிலை. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படத்திலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வராது. லயத்தை மறைத்து வைத்துத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பாதையோரம் கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா. ஒருவன் கமராவோடு, "சிரிங்க, சிரிங்க" என்றான். அவ சிரித்தா. அவன் போனதும் அந்தச் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனா.

பின்னேரம் கௌ. போன் எடுத்தாள்.

"வந்துட்டியா?"

"வந்திட்டன். கால் கொப்புளிச்சுப் போச்சு."

"நல்லா வேணும். பஸ்ல வந்திருக்கலாம்ல, பெரிய மலையேறி." பிறகு குரலைத் தணித்து: "அப்பா முடி வெட்டிக்கிட்டு வந்துருக்காரு. மூணு தடவ கேட்டுட்டாரு, அந்தத் தம்பிக்கு நம்ம பேசுறது புரியுமான்னு."

சிரித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளும் சிரித்தாள். நாளைக்கு எல்லாம் சரிவரும் என்று நினைக்கிறேன். எழுதவே பயம்.

16, ஞாயிறு

அப்புத்தளை அறைக்குத் திரும்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

காலை வெயில். தோட்டப் பாதை செங்குத்து. வழி முழுக்க என் போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஏறினேன். லயத்தின் கடைசி வீடு. வாசல் கழுவியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கதிரை, அதில் எனக்காகப் புதுத் துவாய்.

"வாங்க தம்பி, ஒக்காருங்க. கால்ல புண்ணாமே? பாப்பா சொன்னிச்சு." அப்பா. மெலிந்த மனிசர், வெட்டின முடி. அவர் மர வாங்கில் இருந்தார். கௌ. கதவோடு நின்றாள். நீலச் சேலை.

அவளுடைய அம்மா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தா. பூப்போட்ட கோப்பை.

நான் சொன்னேன்: "ஐயோ வேண்டாமம்மா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதுதான் சொல்வது. அவர்கள் "சும்மா குடியுங்கோ" என்று வற்புறுத்த வேண்டும். மூன்றாம் தரம் வாங்க வேண்டும். முதல் தரமே வாங்கினால் தின்னக் காணாத அலைஞ்சான் என்பார்கள்.

அவ வற்புறுத்தவில்லை. "சரிங்க தம்பி" என்று தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டா.

பேச்சு தொடங்கியது. "வீட்ல பெரியவங்க யாரும் வரலீங்களா?" "பிறகு வருவினம்" என்று பொய். பையில் இருந்த போத்தலை எடுத்துக் குடித்தேன். யோசிக்கவே இல்லை. நான் கொண்டுபோன வடையை அவ ஒரு தட்டில் போட்டு, தன்னுடைய ரொட்டியையும் பக்கத்தில் வைத்தா. நான் வடையை எடுத்துக் கடித்தேன்.

அப்பா சிரித்தார். "தம்பி கொண்டாந்தத தம்பியே சாப்பிடுறாரு."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. ரொட்டி ஆறிக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் மழை பற்றித்தான் கதைத்தார். என்னைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை குறையவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

கௌ. பாதை வரை வந்தாள்.

"அந்தக் காலத்துல இங்க வந்த ஒங்க ஊர் கிளார்க்கருங்க, வாத்தியாருங்க எல்லாம் இதே வாசல்ல நின்னு, இதே மாதிரிதான் சொல்லுவாங்களாம். இப்பதான் குடிச்சேன்னு. அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இன்னைக்குச் சிரிக்கல."

"கௌசி, அது மரியாதைக்குச் சொல்லுறது. எங்கடை பழக்கம். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அப்ப அந்தப் போத்தல்?"

போத்தலைப் பைக்குள் தள்ளினேன்.

"ரொட்டி?"

கம்பஸ் கன்ரீனில் அவளுடைய கோப்பையில் மிச்சம் குடித்தவன் நான். நேற்று முன்தினம் அந்த வான் ஐயாவுக்கு முன்னால் சத்தமாக உறிஞ்சினவன். அதையெல்லாம் சொல்ல வந்தேன். யாருக்கு வேண்டும் அந்தச் சாட்சி?

"திரும்பிப் போய்க் குடிக்கிறன். வா."

"வேணாம். இப்ப குடிச்சா நாடகம். அம்மா முன்னால நாடகம் ஆடாத." அழவில்லை அவள். "நல்ல தேயிலத் தூள் வேணும்னு அப்பா டவுனுக்குப் போயிட்டு வந்தாரு. எங்களுக்குக் கெடைக்கிறது மண்ணு மாதிரி தூள்தான?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை, கௌசி."

"அது எனக்குத் தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா ஒன்கூடச் சண்ட போட்டுருப்பேன். கை தானா போகுதுல்ல, அதுக்கு என்ன செய்ய? நாளைக்கு என் புள்ளைக்கும் அப்படித்தான கை போகும்?"

பிறகு: "இனி வராத. போன் பண்ணாத." திரும்பி ஏறினாள். சேலைக் கரையில் சிவப்பு மண். லயத்து மூலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கவில்லை.

17, திங்கள். பஸ்

தம்புள்ளை தாண்டியாயிற்று. வெக்கை. பக்கத்துச் சீற்று ஆள் என் தோளில் நித்திரை.

கண்டியில் அவள் நம்பரை எடுத்து, கூப்பிடாமல் வைத்தேன். வேறென்ன.

கூச்சமா, பழக்கமா, வயிற்றுக்குப் பயமா, சாதியா? எவ்வளவு கிண்டியும் பிரித்து எடுக்க முடியவில்லை. அந்த வான் ஐயாவாவது தான் யாரென்று தெரிந்துகொண்டு திரிகிறார்.

18, செவ்வாய். கோப்பாய்

விடிய வந்து சேர்ந்தேன். காற்று. வெங்காயத்துக்கு அம்மாதான் இறைத்திருக்கிறார்.

பையை இறக்க முதலே கேட்டார்.

"அந்தப் பிள்ளையின்ரை வீட்டை போனனியோ?"

"ஓம்."

"அங்கை ஏதும் சாப்பிட்டனியோ, குடிச்சனியோ?"

"இல்லை."

அம்மாவின் முகம் தெளிந்தது. மூன்று மாதத்தில் முதல் தரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையைத் தடவினார். "குளிச்சிட்டு வா. உனக்கெண்டு மீன் வாங்கி வைச்சிருக்கிறன்."

குளித்தேன். அம்மா பக்கத்தில் இருந்து பரிமாறினார். சாப்பிட்டேன்.